படிகத்துக்குள் ஒரு காலி இடம்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் பூமி ஒழுங்காகச் சுழன்றது. காலையில் என் மீசையின் இரு முனைகளும் சரியான கோணத்தில் நின்றதுதான் அதற்கு முக்கியக் காரணம். பச்சை டப்பாத் தைலத்தை விரல் நுனியில் தொட்டு முறுக்கிவிட்டு மாடியிலிருந்து இறங்கினேன். அக்கா வழக்கம்போல் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"நீ கிளம்பிட்டேன்னு தெருமுனை நாய்க்குக்கூடத் தெரிஞ்சிடும்டா."

புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டேன்.

ஆய்வுக்கூடத்தின் கீழ்த்தளத்து எக்ஸ்ரே அறை என் சாம்ராஜ்யம். மாடியில் இருக்கும் வேதியியல்காரர்கள் எதையெதையோ கலக்கிப் படிகம் வளர்த்துக் கொண்டுவருவார்கள். ஒரு துளி எண்ணெயில் அதைத் தூக்கி, தலைமுடி கனத்தில் இருக்கும் வளையத்தில் உட்காரவைத்து, எக்ஸ்ரே பாய்ச்சினால் உள்ளே எந்த அணு எங்கே குடியிருக்கிறது என்று தெரிந்துவிடும். வேலை இயந்திரத்துக்கு, பெருமை எனக்கு. கட்டடத்திலேயே குளுமையான, அதிர்வில்லாத அறை இதுதான் என்பதால் பாதிப் பேர் தங்கள் குப்பிகளை என் அலமாரியிலேயே வளர விட்டுவிடுவார்கள். சின்னக் குப்பியில் கரைசல். அதைச் சுற்றிப் பெரிய புட்டியில் வேறொரு திரவம். அதன் ஆவி மெல்ல மெல்லக் கரைசலுக்குள் நுழையும்போது படிகம் விழும். அலமாரி முழுக்கச் சத்தமில்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் புட்டிகள்.

மாலையில் கடுகு ஓடி வந்தாள். கடுகு என்றால் என் அக்கா மகள்; மூவரும் ஒரே வீடு, அவளுக்கும் இதே ஆய்வுக்கூடம். முனைவர் பட்டம் வாங்கிய, முப்பது தாண்டிய பெண். ஆனால் சூடான எண்ணெயில் போட்ட மாதிரி வெடிப்பாள். சின்ன வயதில் நான் வைத்த பெயர் நிலைத்துவிட்டது.

"மாமா, விழுந்துடுச்சு! சிவப்பா விழுந்துடுச்சு!"

அவள் கட்டியது ஒரு விசித்திர மூலக்கூறு. மூன்று வளையங்கள் ஒட்டிய தட்டை. ஒரு பக்கம் இரண்டு நைட்ரஜன், நண்டுக் கொடுக்கு மாதிரி. மூன்று நண்டுகள் சேர்ந்து நடுவில் ஓர் இரும்பு அணுவைக் கவ்வ வேண்டும் என்பது திட்டம். கரைசல் சிவந்தது, படிகம் மட்டும் ஒரு வருடமாகத் தண்ணி காட்டியது. ஜூனில் அவள் ஒப்பந்தம் முடிகிறது. இந்தப் படிகத்தின் அமைப்பு கிடைத்தால் நீட்டிப்பார்கள். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

நுண்ணோக்கியில் பார்த்தேன். இருந்தது. மூலையில் ஒதுங்கிக் கிடந்ததை என் செங்கோலால் நடுவுக்குத் தள்ளினேன். செங்கோல் என்பது மரக்குச்சி நுனியில் ஒட்டிய என் மீசை முடி ஒன்று. உலோக ஊசி படிகத்தைக் கீறிவிடும்; என் மீசை கீறாது, மரியாதையாக நகர்த்தும். எதிர் அறைக்காரருக்கும் ஒன்று செய்து கொடுத்திருக்கிறேன். கடுகுக்கு அதைப் பார்த்தாலே குமட்டும்.

ஆனால் இயந்திரத்தின் குளிர்க்காற்றுக் குழாயில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டிருந்தது. உருகவைத்துத் துடைக்க ஒரு ராத்திரி ஆகும். "நாளைக்குக் காலைல உன்னோடதுதான் முதல் வேலை" என்றேன். நுண்ணோக்கியின் கேமரா பழுதுபார்க்கப் போயிருக்கிறது. செல்போனை வைத்துப் படம் எடுத்தாள். சிவப்பாக ஒரு கறை, தக்காளிச் சாறு என்று சொன்னாலும் நம்பலாம். கரைசலே சிவப்புதானே.

வீட்டுக்குக் கிளம்பும்போது லிஃப்டில் மேடம். எங்கள் இயக்குநர். "உங்க மருமகளுக்குப் படிகம் வந்துடுச்சாமே?"

"வந்துச்சா! பூசணிக்காய் அளவு மேடம்! பார்த்ததும் கண்ணு கூசி அப்படியே உட்கார்ந்துட்டேன்!"

மேடம் சிரித்தார். யாமும் சிரித்தோம். லிஃப்டும் சிரித்ததாக ஞாபகம்.

மார்ச் 4, புதன்

குப்பியில் சிவப்பு இல்லை.

அடியில் துருப்பிடித்த மாதிரி வண்டல். அதன்மேல் நிறமே இல்லாத ஊசிகள், கொத்துக் கொத்தாக. பூட்டிய அறை. சாவி என் இடுப்பில்.

கடுகு வெடிக்கவில்லை. குப்பியை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

மார்ச் 9, திங்கள்

ஊசியை இயந்திரத்தில் ஏற்றினோம். மூன்று நண்டுகள் அப்படியே இருக்கின்றன, ஆறு நைட்ரஜன்களும் உள்நோக்கி. ஆனால் நடுவில் இரும்பு இல்லை. சோடியம்.

சோடியம்! உப்பில் பாதி! தண்ணீரைக் கண்டால் வாலைக் குழைத்துக்கொண்டு பின்னால் போகிற அணு. அது தண்ணீரை விட்டுவிட்டு நைட்ரஜன் வளையங்களோடு குடித்தனம் நடத்துவது, மீன் கடலைக் காலி செய்துவிட்டு மரத்தில் வீடு கட்டிய மாதிரி. கேள்விப்படாததில்லை, ஆனால் அபூர்வம். கடுகு விளக்கினாள்: அவளுடைய நண்டுகளின் கொடுக்கு இரும்புக்குக் கொஞ்சம் நெருக்கம். சோடியம் பருமன், அதற்குத்தான் வசதியாக இருக்கிறதாம்.

"சரி, உப்பு யார் போட்டா?"

"நான் போடலை மாமா. எந்தப் படியிலயும் சோடியமே கிடையாது."

கண்ணாடிக் குப்பியிலிருந்து வந்திருக்கலாம். வியர்வை, தூசு, விரல் நுனி. அது இல்லாத இடம் ஏது? "நீ அழுதியா?" என்றேன் விளையாட்டாக.

"இன்னும் இல்ல" என்றாள்.

மார்ச் 17, செவ்வாய்

கண்ணாடியை ஒழித்துப் பிளாஸ்டிக் குப்பி. புதுக் கையுறை. தண்ணீரை மூன்று முறை காய்ச்சி வடித்தாள். இரும்பையே வேறு கடையிலிருந்து வாங்கினாள். ஒவ்வொரு தடவையும் முதலில் கரைசல் சிவக்கிறது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். மறுநாள் வெளுத்துவிடுகிறது. நிறமற்ற ஊசிகள்.

எதிர் அறைக்காரர் ஒரு சிட்டிகை பொருள் வாங்கிப் போய்த் தன் மேசையில் முயன்றார். பெரிய ஆள், கை பட்டால் கரியும் படிகமாகும் என்று பெயர். அவருக்கும் அதே ஊசிகள். "உங்க வீட்டுப் பொண்ணு எதையோ சிவப்புன்னு நெனச்சிட்டாளோ?" என்று கேட்டார், குரலைத் தாழ்த்தி, நல்ல எண்ணத்தோடு. பளாரென்று விட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

மார்ச் 26, வியாழன்

நேற்று பல்வலி. விடுப்பு. நாள் முழுக்க மாடி அறையில் படுத்து, மூன்று உலகங்களுக்கும் கேட்கிற மாதிரி முனகினேன். அக்கா சாட்சி.

இன்று போனதும் துப்புரவு வேலை செய்கிற அம்மா சிரித்தார். "நேத்து மாப்பு போடும்போது கூப்பிட்டேன், பதிலே பேசாம இருந்துட்டீங்களே சார்?"

"நேத்து நான் வரவே இல்லம்மா."

"மூணாவது மாடில, உங்க அக்கா பொண்ணு ரூம்ல இருந்தீங்களே. அந்தப் பக்கமாத் திரும்பி..." அவர் நிறுத்தினார். "பார்க்கலைதான். ஆனா இருந்தீங்க. உங்க வாசனை எனக்குத் தெரியாதா?"

கடுகிடம் கேட்டேன். நேற்று அறையில் யாரும் இல்லையாம். வடிகட்டின ஊசிகளைத் தாளில் உலரவிட்டு நூலகத்துக்குப் போய்விட்டாளாம்.

செத்துவிட்டேனா என்று ஒருமுறை நாடி பிடித்துப் பார்த்தேன். ராஜநடை போட்டது. பிறகு ஏன் இன்று முழுக்க முதுகு சில்லிட்டது?

ஏப்ரல் 2, வியாழன்

இதை எழுதுவதா வேண்டாமா?

அவளிடம் முதல் தயாரிப்பின் சிவப்புத் தூள் ஒரு புட்டியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மார்ச்சில் என்னிடம் காட்ட ஒருமுறை கீழே கொண்டுவந்து திறந்தாள். அதன்பின் அலமாரியில் பூட்டி வைத்துவிட்டாள். இன்று எடுத்தால் தூள் மங்கி, செங்கல் பொடி நிறத்துக்கு வந்திருக்கிறது. மூடியின் உள்விளிம்பைச் சுற்றி ரோமம் முளைத்திருக்கிறது. மெல்லிய, நிறமற்ற ஊசிகள், இரண்டு பக்கமும் வளைந்து, முனை மேல்நோக்கி.

கடுகு அதைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நாங்கள் இருவரும் நினைத்ததை இருவரும் சொல்லவில்லை.

நான் ஏதாவது நகைச்சுவை சொல்லியிருக்க வேண்டும்.

ஏப்ரல் 7, செவ்வாய்

இயந்திரம் அணுக்களையெல்லாம் இடம் பார்த்து உட்காரவைத்த பிறகு, கணக்கில் வராத எலக்ட்ரான் மிச்சம் எங்கேயாவது இருக்கிறதா என்று ஒரு வரைபடம் போடும். நல்ல அமைப்பு என்றால் அந்த வரைபடம் பெருக்கிய கூடம் மாதிரி சுத்தமாக இருக்க வேண்டும்.

இதில் அப்படி இல்லை. மூன்று நண்டுகள் அடுத்த மூன்றோடு சேரும் இடத்தில் ஒரு காலி அறை. அதற்குள் மிச்சம். முதல் படிகத்தில் புகை மாதிரி இருந்தது. குப்பை என்று விட்டுவிட்டோம். இரண்டாவதில் உருண்டையாகத் திரண்டது. இன்று பெரிய ஊசி ஒன்றைக் கடுங்குளிரில் வைத்து அளந்தோம். திரையில் அதற்குத் தோளும் இடுப்பும் தெரிந்தன.

"உள்ள யாரோ இருக்காங்க மாமா."

"யாரோன்னு சொல்லாதடி. எதுவோன்னு சொல்லு."

"எல்லாப் படிகத்துலயும் ஒரே ஆள். ஒரே மாதிரி உட்கார்ந்திருக்காங்க."

அவள் என்னைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மே மாதம் பரிசீலனைக் குழுவாம். மேடம் அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். அறிக்கையில் சிவப்புப் படிகம் கிடைத்ததாக எழுதியிருக்கிறாள். இப்போது யாராலும் அதைச் செய்ய முடியவில்லை. பார்த்ததற்கு ஆதாரம் என்ன என்று கேட்பார்களாம். இல்லாததை எழுதினாள் என்று முடிவானால் இங்கே மட்டுமல்ல, வேறெங்கும் வேலை கிடைக்காது.

"மாமா பார்த்தார்னு சொன்னேன்" என்றாள். "மேடம் சிரிச்சுட்டு, 'பூசணிக்காய்தானே'ன்னாங்க."

ஏப்ரல் 16, வியாழன்

மத்தியானம் கடுகு கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். கையில் ஒரு தாள், அதில் காலி அறைக்குள் இருப்பவரின் படம். ஆறு கார்பன் வளையம். ஒரு பக்கம் மூன்று கார்பன் வால், நேர் எதிரே ஒற்றைக் கார்பன். வாலுக்குப் பக்கத்தில் ஓர் ஆக்சிஜன்.

நேராக என் மேசைக்கு வந்தாள். நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் எப்போதும் திறந்தே கிடக்கும் பச்சை டப்பாவை எடுத்தாள். முகர்ந்தாள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைப் படித்தாள். மென்தால். அவளுடைய தாளையும் டப்பாவையும் என் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"மாமா, இது நீங்க."



அவளேதான் சொல்லிக்கொண்டு போனாள், தனக்குத் தானே சொல்கிற மாதிரி. குப்பிகள் என் அறையில் ஆவியை இழுத்தபடி வளர்கின்றன. திறந்த டப்பாவின் ஆவியும் கூடவே போயிருக்கிறது. செங்கோலிலும் அதே தைலம். முடி பட்ட இடத்தில் முதல் ஊசி முளைத்திருக்கிறது. முளைத்த ஒன்று போதும். கண்ணுக்குத் தெரியாத துணுக்கு கரைசலில் விழுந்தால் மற்றவையெல்லாம் அதைப் பார்த்து அதே மாதிரி அடுக்கிக்கொள்ளும். அதைவிட நிலையில்லாத சிவப்பு கரைந்துபோய்விடும். துணுக்கு என் சட்டையில், கையில், கதவுப் பிடியில். அவள் அறையில் உலர்ந்த ஊசிகள் என்னை மூச்சாக வெளியே விட்டிருக்கின்றன. துப்புரவு அம்மா அதைத்தான் முகர்ந்தார்.

"அந்த வெள்ளை ஊசி இதுக்கு முன்னாடி உலகத்துலயே இருந்திருக்காது மாமா."

மீசைக்குப் பிறந்த படிகம்! வேறு ஒரு நாளாக இருந்தால் ஊரைக் கூட்டி முரசு அறைந்திருப்பேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

சிரைத்துவிட்டேன்.

ஏப்ரல் 20, திங்கள்

கண்ணாடியில் இருக்கும் ஆள் யார் என்று தெரியவில்லை. அக்கா மூக்கைப் பொத்தவில்லை, வாயைப் பொத்தினாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். இல்லை.

அறையைக் கழுவினோம். அலமாரி, இயந்திரம், சுவர். சட்டைகளை மூட்டை கட்டித் தூக்கிப் போட்டேன். என் செங்கோலையும், எதிர் அறைக்காரரிடமிருந்து பிடுங்கிவந்ததையும் தீயில் போட்டேன். பச்சை டப்பாவை மட்டும் மூடி, அதன்மேல் நாடா ஒட்டி, வீட்டு அலமாரிக்குள் வைத்துவிட்டேன். ஏன் எறியவில்லை? தெரியாது.

ஆனால் வீடு? ஒரே சோபா, ஒரே துணிக்கொடி, ஒரே சீப்பு. கடுகு இன்று பெட்டியோடு இறங்கி வந்தாள். பேருந்து நிலையத்துக்கு அந்தப் பக்கம் வாடகை அறை பார்த்துவிட்டாளாம்.

அக்கா வாசலை மறித்தாள். "மாமன் மீசைக்குப் பயந்து வீட்டை விட்டுப் போறவ ஒருத்தி உண்டாடி?"

"கொஞ்ச நாள்தாம்மா."

பெட்டியைத் தூக்கப் போனேன். "வேண்டாம் மாமா, தொடாதீங்க" என்றாள். உடனே முகம் மாறிவிட்டது அவளுக்கு. எனக்கும்தான்.

மே 5, செவ்வாய்

தைலம் இல்லை, மீசை இல்லை. அறை துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. புதிதாகக் கலந்து வைத்தாள். மறுநாளே ஊசிகள்.

அளந்தோம். சோடியம், ஆறு நைட்ரஜன், மூன்று நண்டுகள், எல்லாம் அதே. காலி அறையைப் பார்த்தோம். இந்தத் தடவை உள்ளே யாரும் இல்லை. சுத்தம்.

ஆனால் அறை சுருங்கவில்லை. ஆள் போனபின் சுவர்கள் நெருங்கி வந்திருக்க வேண்டாமா? இல்லை. அதே வளைவு, அதே வால், அதே தோள். படுத்து எழுந்துபோனவனின் உடம்பு மெத்தையில் பதிந்த மாதிரி.

"உங்களுக்காக இடம் பிடிச்சு வெச்சிருக்கு" என்று கடுகு சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள்.

நான் திரையை அணைத்துவிட்டேன். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது நான் அப்படிச் செய்ததே இல்லை.

மே 19, செவ்வாய்

குழு கூடியது. நீள மேசை. மேடம், இரண்டு வெளியூர் நிபுணர்கள். ஒரு பக்கம் கடுகு. நான் கதவோரம்.

முதலில் அவளை வறுத்தெடுத்தார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். மேடம் கனிவாகத்தான் கேட்டார். "உங்க மருமகளைத் தவிர சிவப்புப் படிகத்தைப் பார்த்தவர் நீங்க ஒருத்தர்தான். பூசணிக்காய் அளவுன்னு என்கிட்ட சொன்னீங்க."

நிபுணர்கள் சிரித்தார்கள். கடுகு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சபை. கூட்டம். ஒரு வரி சொன்னால் மூவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நாக்கு நுனியில் நான்கைந்து வரிகள் தயாராக நின்றன. என் ஆயுசு முழுக்க அவைதான் எனக்குச் சோறு போட்டன.

"அது பொய் மேடம்" என்றேன். "மணலை விடச் சின்னது. ரெண்டு இருந்துச்சு, ஒன்னு முனை உடைஞ்சது. அடர்ந்த சிவப்பு. ஓரம் நேரா இருந்துச்சு. நுண்ணோக்கியோட தட்டைத் திருப்பினேன், இருண்டுச்சு. இன்னும் திருப்பினேன், திரும்ப வெளிச்சமாச்சு. கரைசல் துளி அப்படி ஆகாது, படிகம்தான் ஆகும். அப்புறம் நான் அதை என் மீசை முடியால தொட்டேன். அவ சொன்னது அத்தனையும் உண்மை. அழிச்சது நான்."

யாரும் சிரிக்கவில்லை. நிபுணர்களில் வயதானவர் மட்டும் "மீசை முடியா?" என்றார்.

கடுகு எழுந்து மார்ச் மாதத்து ஊசிகள் இருந்த குப்பியைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அந்த அறை முழுக்க நான் பரவினேன். அவர்கள் குப்பியைப் பார்த்தார்கள். கதவோரம் மொழுக்கென்று நின்ற என்னைப் பார்த்தார்கள். வயதானவர் கைக்குட்டையை எடுத்து மெதுவாக மூக்கில் வைத்துக்கொண்டார்.

என் வாசனைக்கு நானே பயந்து வெளியே வந்துவிட்டேன்.

ஜூன் 12, வெள்ளி

நீட்டித்துவிட்டார்கள்! ஆறு மாதம். ஆனால் நிபந்தனை உண்டு: சிவப்பை மறுபடி செய்து காட்ட வேண்டும். அவள் பொய் சொல்லவில்லை என்று நம்புகிறார்களாம். நம்புவது வேறு, ஆவணத்தில் பதிவது வேறாம்.

பக்கத்துக் கட்டடத்தில் கிடங்காக இருந்த ஓர் அறையைச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். நான் கால் வைக்காத இடம். என்னைத் தொட்டவர்கள் கால் வைக்காத இடம். எங்கள் கட்டடத்திலிருந்து ஒரு பென்சில்கூட அங்கே போகக்கூடாது. அவளே குளித்து, புதுத் துணி மாற்றிக்கொண்டுதான் உள்ளே போகிறாளாம். அக்கா கொடுத்தனுப்பிய சாப்பாட்டையும் திருப்பி அனுப்பிவிட்டாள்.

"நான் என்ன, கொள்ளை நோயா?" என்று தொலைபேசியில் கத்தினேன்.

"நீங்க என் மாமா" என்றாள். "அதான் பிரச்சினையே."

ஜூன் 30, செவ்வாய்

வெள்ளை. அங்கேயும்.

அறைக்கு வெள்ளையடித்தவர் வேலைக்கு முன் எங்கள் கூடத்தில் டீ குடித்தாராம். அவ்வளவுதான். மறுபடி சுரண்டுகிறார்கள்.

ஜூலை 10, வெள்ளி

பக்கத்துக் கட்டடத்துக்குப் போகும் நடைபாதையின் முடிவில் ஒரு கண்ணாடிக் கதவு. அதற்கு இப்பால் வரை எனக்கு அனுமதி. மதியம் வரச் சொல்லியிருந்தாள்.

அந்தப் பக்கம் வந்து நின்றாள். ஒரு மாதத்துக்கு மேலாக இவ்வளவு கிட்டத்தில் பார்க்கவில்லை. மெலிந்திருக்கிறாள். முதுகுக்குப் பின்னாலிருந்து கையை எடுத்து, ஒரு சின்னக் குப்பியைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தாள்.

சிவப்பு.

அடியில் மூன்று நான்கு. ஓரங்கள் நேராக. நான் குனிந்து பார்த்தேன். அவள் ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. நான் தலையை ஆட்டினேன். ஆமாம், அதேதான், அன்று பார்த்தது இதேதான். அவள் அழ ஆரம்பித்தாள். கண்ணாடியில் நெற்றியை வைத்தாள். நானும் என் பக்கத்தில் நெற்றியை வைத்தேன். கதவைத் திறக்க அவளும் கை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.

அவள் போனபின் பார்த்தேன். என் மூச்சு பட்ட இடத்தில் கண்ணாடி வெளுத்திருந்தது. துடைக்கலாமா என்று கையைத் தூக்கினேன். தொடாமல் வந்துவிட்டேன்.

ஜூலை 11, சனி

என் இயந்திரத்தில் அளக்க முடியாது. அந்தப் படிகம் என் அறைக்குள் வந்தால் மறுநாள் இருக்காது. வேறு ஊரில், வேறு ஆள், வேறு இயந்திரம். அவள் தனியாகப் பேருந்தில் போகிறாள், குப்பியை மடியில் வைத்துக்கொண்டு.

வழியனுப்பப் போகவில்லை.

ஆகஸ்ட் 3, திங்கள்

அளந்துவிட்டார்கள். நடுவில் இரும்பு. ஒரு குறையும் இல்லை. மேடம் நேரே என் அறைக்கு இறங்கி வந்து கைகுலுக்கினார். அதன்பின் கையை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தூக்கியே வைத்திருந்தார்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

கடுகு வீட்டுக்கு வந்துவிட்டாள். வேலை நிரந்தரம் என்று கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. அமைப்பு ஆவணத்தில் பதிந்தாகிவிட்டது, இனி சிவப்பு அழிந்தாலும் அழிந்துபோகட்டும் என்கிறாள். உள்ளே வந்ததும் பெட்டியை என் கையில் திணித்தாள். "தூக்குங்க மாமா, நல்லாத் தொட்டுத் தூக்குங்க." அக்கா அவளுக்குப் பரிமாறிய அளவைப் பார்த்தால் ஒரு படை சாப்பிட்டுவிட்டுப் போர்க்களத்துக்குக் கிளம்பியிருக்கலாம்.

கை கழுவிவிட்டு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அக்கா சமையலறையில் இருந்தாள்.

"உங்ககிட்ட மட்டும் சொல்லணும் மாமா. சிவப்புலயும் ஒரு காலி இடம் இருக்கு."

"இருக்கட்டுமே. படிகம்னா சந்து பொந்து இருக்கத்தான் செய்யும்."

"அளந்து பார்த்தேன். வளையம், வால், தோள். அதே வடிவம். உள்ள யாரும் இல்ல. யாரும் வந்துட்டுப் போன தடமும் இல்ல."

"என் மூச்சுகூடப் படாத இடத்துல வளர்ந்ததாச்சே."

"ஆமாம்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். ஏதாவது அளந்துவிடுவேன், சிரித்துவிட்டு எழுந்துபோகலாம் என்று எதிர்பார்த்தாள் போல. நானும் தேடினேன். ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை.

"அப்போ நான் தொடறதுக்கு முன்னாடியே எனக்குன்னு இடம்..." என்றேன்.

அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

சமையலறையிலிருந்து அக்காவின் குரல். "என்னடா, மறுபடி ஆரம்பிச்சிட்டியா? தைல வாசனை வீடு பூரா அடிக்குது."

நாங்கள் இருவரும் மாடிக்கு ஓடினோம். அலமாரியைத் திறந்தேன். பச்சை டப்பா வைத்த இடத்திலேயே இருந்தது. மூடியின்மேல் ஒட்டிய நாடா பிரியவில்லை.

இதை எழுதும்போது, மீசையில்லாத மேல் உதட்டில் தைலம் தடவிய மாதிரி மெல்லிய குளிர்ச்சி. விரலால் துடைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.